லெஸ்டர் கிங் பவர் ஸ்டேடியத்துல ஒரு சனிக்கிழமை – நம்ம ரிவ்யூ

பர்மிங்ஹாம்ல இருந்து ஒரு மணி நேர ட்ரெயின், இறங்கி இருபது இருபத்தஞ்சு நிமிஷம் நடை, அவ்ளோதான். நான் கிரிக்கெட் ஆளு, ஃபுட்பால் டிவியில பாக்குறதோட சரி. ஆஃபீஸ்ல ஒருத்தரு ஊருக்குப் போறேன்னு டிக்கெட்ட என் தலையில கட்டிட்டாரு, லெஸ்டர் சிட்டி டீமோட சாம்பியன்ஷிப், அதாவது ரெண்டாவது டிவிஷன் மேட்ச் தானன்னு அசால்ட்டா தான் போனேன். வழியில ஒரு கடையில டீன்னு ஒண்ணு குடுத்தான், பேரு வேணாம், சுடுதண்ணிக்கு லேசா கலர் அடிச்ச மாதிரி.

ஸ்டேடியம் செம. 32,000 பேரு உக்காரலாம், எந்த சீட்ல இருந்தும் கிரவுண்ட் கிட்டக்க தெரியுது. பிளேயர்ஸ் வரும்போது நரி வேட்டைக்கு ஊதுற மாதிரி ஒரு கொம்பு ட்யூன் போடுறாங்க பாருங்க, புல்லரிச்சிருச்சு.

பக்கத்து சீட்ல ஒரு குஜராத்தி தாத்தா, கழுத்துல நீல மஃப்ளர். ஃபாயில்ல சுத்துன தேப்லாவ, அவங்க ஊரு மசாலா ரொட்டிய, எடுத்து பாதி எனக்கு நீட்டுனாரு. 1972ல இடி அமீன் துரத்துனப்போ உகாண்டாவுல இருந்து சின்னப் பையனா வந்தவராம். அப்போ லெஸ்டர் கவுன்சிலே உகாண்டா பேப்பர்ல "இங்க வராதீங்க"ன்னு விளம்பரம் குடுத்துச்சு, "அதப் பாத்து தான் பேட்டா, லெஸ்டர்னு ஒரு ஊரு இருக்குறதே எங்கப்பாவுக்குத் தெரிஞ்சுது"ன்னு சிரிக்கிறாரு. பழைய ஃபில்பர்ட் ஸ்ட்ரீட் கிரவுண்டு பக்கத்துல தான் வீடாம், ஆனா மொட்டைத் தலையோட சுத்துற ஸ்கின்ஹெட்ங்கிற இனவெறி பசங்களுக்குப் பயந்து சனிக்கிழமை மத்தியானம் வெளிய தலை காட்ட மாட்டாங்களாம், கோல் விழுந்தா சத்தம் மட்டும் ஜன்னல் வழியா வருமாம். இப்போ சீசன் டிக்கெட் வச்சிருக்காரு.

2021 சென்சஸ்படி இந்த ஊர்ல ஆசியாக்காரங்க 43 சதவீதம், வெள்ளைக்காரங்க 41 தான். ஸ்டேண்ட்ல அப்படி இல்லங்க, எங்க வரிசையில நான், தாத்தா, ஒரு சர்தார்ஜி குடும்பம், அதோட சரி. கிரவுண்டுல ஆப்பிரிக்க, கரீபியன் வம்சாவளி பிளேயர்ஸ் நிறைய, ஆனா நம்ம பக்கத்து ஆளுன்னா இங்கிலாந்து முழுக்கவே விரல் விட்டு எண்ணிரலாம். அதனால தான் இங்க ஹம்சா சௌத்ரிக்கு அவ்ளோ மவுசு, பக்கத்து லஃப்பரோல பொறந்து இந்த அகாடமியிலயே வளர்ந்தவரு, அம்மா பங்களாதேஷ் குடும்பம், 2021ல எஃப்ஏ கப் ஜெயிச்ச டீம்ல இருந்தவரு, அப்புறம் 2025ல பங்களாதேஷுக்கே ஆடப் போயிட்டாரு. நம்ம கணக்குக்கு பார்ன்ஸ்லி டீம்ல விமல் யோகநாதன், வேல்ஸ்ல பொறந்த ஈழத் தமிழ்ப் பையன். அவரு பேர சொன்னா தாத்தா "யாரு?"ங்கிறாரு, எனக்கு சப்புன்னு போச்சு.

இன்னொண்ணு, 2021 ஏப்ரல்ல இதே கிரவுண்டுல தான் கிரிஸ்டல் பேலஸ் கூட ஆடும்போது லெஸ்டர் பிளேயர் ஃபொஃபானாவும் பேலஸ் பிளேயர் குயாட்டேவும் நோன்பு திறக்கன்னு ஒரு கோல் கிக்க கொஞ்சம் நிறுத்தி வச்சாங்க. கொரோனா டைம், ஸ்டேண்ட் மொத்தமும் காலி, தாத்தா டிவியில தான் பாத்தாராம், அத நேர்ல பாக்கலன்னு இன்னைக்கும் புலம்புறாரு.

மேட்ச் முடிஞ்சு பெல்கிரேவ் ரோடு போயிருங்க, சாப்பாடு அங்க தான், நடக்கணும்னு மட்டும் நெனைக்காதீங்க, பஸ் புடிங்க. 5க்கு 4 குடுக்குறேன். அந்த ஒரு மார்க் குளிருக்குப் போச்சு, உள்ள தெர்மல் போடாம போயிராதீங்க.