பாக்கி சில்லறை: நுகர்வோர் ஆணையச் சமரச மையத்தில் மூன்று அமர்வுகள்

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆன்லைனில் இதுவரை நான் எழுதிய விமர்சனமெல்லாம் டோனர், லேமினேஷன் மிஷின், ஒரு தடவை பக்கத்து மெஸ்ஸின் மீன் குழம்பு. வழக்கை இரு தரப்பும் உட்கார்ந்து பேசி முடித்துக்கொள்ளும் சமரச மையத்துக்கு ஸ்டார் போடும் நாள் வரும் என்று நினைத்ததில்லை. ஆனால் மூன்று முறை அங்கே போய் உட்கார்ந்து வந்துவிட்டேன். ஆஸ்பத்திரித் தகராறுக்கு இப்படி ஓர் இடம் இருப்பது என் கடைக்கு வருகிற யாருக்கும் தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

விஷயம் அப்பாவின் கண். ஓய்வுபெற்ற அரசு பஸ் கண்டக்டர், வயது 71. வலது கண்ணில் புரை. ஒரு தனியார் கண் மருத்துவமனையில் காட்டினோம். (பெயர் வேண்டாம், முடிந்துபோன கதை.) கவுன்சிலிங் செய்த பெண் மூன்று வகை லென்ஸ் காட்டினார். மல்டிஃபோகல் வைத்தால் கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கலாம் என்று அவர் சொன்னதும் அப்பா அதையே பிடித்துக்கொண்டார். பேக்கேஜ் 52,000 ரூபாய். ஆபரேஷன் முடிந்து ஒன்றரை மாதம் ஆகியும், தூரத்தில் வருகிற பஸ்ஸின் போர்டு பளிச்சென்று தெரிகிறது, கையிலிருக்கும் பேப்பர் தெரியவில்லை. கேட்டால் "போகப் போகச் சரியாயிடும்" என்றார்கள்.

ஃபைலில் வைப்பதற்காக லென்ஸ் கார்டை ஒரு நாள் கடையில் ஜெராக்ஸ் போட்டேன். லென்ஸ் பெட்டியோடு வரும் ஸ்டிக்கரை அந்தக் கார்டில் ஒட்டிக் கொடுப்பார்கள். மாடல், பவர், சீரியல் நம்பர் எல்லாம் அதில் இருக்கும். காப்பி மங்கலாக விழுந்ததால் அடர்த்தியைக் கூட்டி மறுபடி போட்டபோதுதான் மாடல் எண்ணை ஒழுங்காகப் படித்தேன். நெட்டில் தட்டிப் பார்த்தால் மோனோஃபோகல், அதாவது ஒரே ஒரு தூரத்துக்கு மட்டும் தெளிவாகக் காட்டும் லென்ஸ். அதே மருத்துவமனையின் ரேட் கார்டில் அந்தப் பேக்கேஜ் 24,000.

போய்க் கேட்டேன். பில்லிங்கில் டாக்டரைக் கேளுங்கள் என்றார்கள், டாக்டர் அறை வாசலில் மேனேஜரைப் பாருங்கள் என்றார்கள். கேஸ் ஷீட் நகல் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதி. எனக்கு ஒன்பதாம் நாள் வந்தது. அதில் "லென்ஸ் மாற்றப்பட்டது" என்று ஒரே ஒரு வரி. ஏன் என்று இல்லை.

சரி என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டேன். நாம் கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணமே கிடையாது. வக்கீலும் கட்டாயமில்லை. இப்போது இ-ஜாக்ருதி தளத்தில் வீட்டிலிருந்தே போடலாம். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், அதுதான் முக்கியம். நஷ்டஈடு என்று 1,50,000 எழுதினேன்.

மனுவை ஏற்றுக்கொண்டபின் முதல் விசாரணையில், "சமரசத்துக்குப் போகிறீர்களா? இரு தரப்பும் ஐந்து நாளில் எழுத்தில் சம்மதம் கொடுங்கள்" என்றார்கள். கேஸைத் தட்டிக் கழிக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. வெளியே வந்ததும் ஒரு குமாஸ்தா கேட்டார்: "அப்பாவுக்குப் பார்வை ஏதும் போயிடலையே?" இல்லை என்றேன். "அப்ப தாராளமா போங்க சார். ஒத்து வரலேன்னா கேஸ் திரும்ப இங்கேயேதான் வரும். அங்க பேசினது எதையும் இங்க சாட்சியா எடுக்க மாட்டாங்க." இந்த இரண்டு வரியை நாலு பேர் பார்க்கிற இடத்தில் எழுதி ஒட்டியிருக்கலாம். ஒட்டியும் இருக்கிறார்கள், ஒரு இரும்பு பீரோவுக்குப் பின்னால். பாதிதான் தெரிகிறது.

எனக்கு இதைச் சொல்ல யோக்கியதை இல்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஒவ்வொரு ஏப்ரலிலும் எங்கள் ஊர் கோர்ட் வளாகத்தில் சமரச விழிப்புணர்வுப் பேரணி நடக்கும். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005 ஏப்ரல் 9 அன்று சமரச மையம் தொடங்கியதை ஒட்டி நடப்பது அது. அதற்கான நோட்டீஸ் 500 பிரதி என் கடையில்தான் போட்டார்கள். ஒரு வரிகூட நான் படிக்கவில்லை. புருஷன் பொண்டாட்டி, சொத்துப் பாகம் சமாச்சாரம் என்று நினைத்து அடுக்கிக் கட்டிக் கொடுத்துவிட்டேன்.

இனி மையம். முதல் மாடியில் ஓர் அறை. மேடை இல்லை, கூண்டு இல்லை. ஒரு நீள மேஜை, ஆறு பிளாஸ்டிக் நாற்காலி, சத்தம் போடுகிற ஃபேன். சமரசராக ஒரு வக்கீலம்மா. அவர் செய்த முதல் காரியம், என்னை நிறுத்திவிட்டு அப்பாவைப் பேசச் சொன்னது. அப்பா இருபது நிமிஷம் பேசினார். அதில் பாதி அவர் டிக்கெட் கொடுத்த ரூட் பற்றி. அந்த அம்மா கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை.

ஆனாலும் முதல் அமர்வு வீண். மருத்துவமனையிலிருந்து வந்தவர் மேனேஜர். எதைக் கேட்டாலும் "மேலே கேட்டுச் சொல்றேன் சார்". முடிவெடுக்க அதிகாரம் இல்லாத ஆளை அனுப்பினால் நாங்கள் கடையை மூடிவிட்டு வந்ததற்கு என்ன மரியாதை? அடுத்த முறை ஆபரேஷன் செய்தவரே வர வேண்டும் என்று சமரசர் கறாராகச் சொல்லிவிட்டார்.

இரண்டாவது அமர்வுக்கு டாக்டர் வந்தார். சின்ன வயதுதான். வந்ததும் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். லென்ஸ் மாறிய கதையைக் கேட்டதும் என் மனு நகலையே திருப்பிப் போட்டு, அதன் முதுகில் கண்ணை வரைந்தார். லென்ஸை உள்ளே தாங்குவது ஒரு சவ்வு, வெங்காயத் தோலைவிட மெல்லியது. புரையை எடுக்கும்போது அது கிழிந்திருக்கிறது. கவனமாகச் செய்தாலும் சிலருக்கு அப்படி ஆகுமாம். மல்டிஃபோகல் லென்ஸ் துளி விலகாமல் நடுவில் நிற்க வேண்டும், கிழிந்த சவ்வில் அது நிற்பது சந்தேகம். அதனால் பத்திரமான வேறு லென்ஸை வைத்தேன் என்றார். "ஐயா, அன்னிக்கு அதை வெச்சிருந்தா இன்னிக்குப் பஸ் போர்டும் தெரிஞ்சிருக்காது."

அதுவரை அவரைத் திருடன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். லென்ஸை மாற்றியது சரி. சொல்லாதது தப்பு. மாற்றிய பிறகும் பழைய பில்லையே வாங்கியது இன்னும் பெரிய தப்பு. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்க எனக்கு நாலு மாதமும் ஒரு பென்சில் படமும் தேவைப்பட்டிருக்கிறது.

அப்பா படத்தைக் கையில் வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு சொன்னார்: "சில்லறை இல்லேன்னா டிக்கெட்டுக்குப் பின்னாடி பாக்கியை எழுதித் தருவோம். இறங்கும்போது வாங்கிக்குவாங்க. நீங்க அதைக்கூட எழுதலையே தம்பி." டாக்டர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வெளியே வந்ததும் நான் சொல்லியிருக்கணும், மன்னிச்சிடுங்க என்றார். இதே வார்த்தையை ஆணையத்தில் சொன்னால் தனக்கு எதிராகத் திரும்பும் என்ற பயம் யாருக்கும் இருக்கும். இங்கே பேசியது வெளியே போகாது என்பதால்தான் அவர் வாயிலிருந்து அது வந்தது என்று நினைக்கிறேன்.

மூன்றாவது அமர்வு முழுக்கப் பணம். சமரசர் இரு தரப்பையும் தனித்தனியாகக் கூப்பிட்டார். என்னிடம், "ஒன்றரை லட்சம் எப்படி வந்துச்சு? கணக்கு சொல்லுங்க" என்றார். என்னிடம் கணக்கு இல்லை. கோபத்தில் போட்ட தொகை. கடைசியில் 28,000 வித்தியாசம், அலைச்சலுக்கு 10,000, இரண்டு வருஷம் இலவசப் பரிசோதனை, நடந்ததை விளக்கி மருத்துவமனையின் கடிதம் என்று முடிந்தது. கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் ஆணையத்துக்குப் போய் உத்தரவாகிறது. சமரசரின் அறிக்கை கிடைத்த ஏழு நாளில் உத்தரவு போட வேண்டும் என்கிறது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். எங்களுக்குப் பன்னிரண்டு நாள் ஆனது.

ஒன்றை மறைக்கக் கூடாது. இந்தக் கதவு எல்லாருக்கும் திறக்காது. மருத்துவக் கவனக்குறைவால் உயிர் போயிருந்தாலோ படுகாயம் ஏற்பட்டிருந்தாலோ ஆணையம் அதைச் சமரசத்துக்கு அனுப்பக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டு நுகர்வோர் சமரச விதிகளிலேயே இருக்கிறது. குமாஸ்தா பார்வை போனதா என்று கேட்டது அதற்காகத்தான். முதலில் எனக்கு இது நியாயமாகப் பட்டது. பெரிய தப்பை மூடிய அறையில் பேசி முடித்துவிடக் கூடாதல்லவா? ஆனால் என் வாடிக்கையாளர் ஒருவர், மனைவியைப் பிரசவத்தில் இழந்தவர், மூன்று வருஷமாக வாய்தாவுக்குக் காகிதம் எடுக்க வருகிறார். அவருக்கு முன்னால் எந்த டாக்டரும் உட்கார்ந்து படம் வரைந்து காட்டவில்லை. அவரிடம் என் கதையைச் சொல்ல வாய் வரவில்லை.

எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை மீதான புகாரும் இந்த வழியில் வராது. காசு வாங்கும் மருத்துவமனையின் சிகிச்சைதான் நுகர்வோர் சட்டத்தில் வரும், 1995-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த கோடு அது. சந்தேகம் இருந்தால் 1915-க்குப் போன் போட்டுக் கேளுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண்.

சமரசருக்கு ஐந்துக்கு ஐந்து. மையத்துக்கு மூன்றரை. முதல் அமர்வு வீணானதற்கு ஒன்று, பீரோவுக்கு அரை. போகிறவர்கள் பில், ரேட் கார்டு, கேஸ் ஷீட் எல்லாவற்றிலும் மூன்று செட் எடுத்துக்கொள்ளுங்கள். கேட்கிற தொகைக்குக் கணக்கும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாடிப்படியில் ஒரு பக்கம் கைப்பிடி இல்லை, லிஃப்ட்டும் கிடையாது. கண் ஆபரேஷன் ஆன பெரியவரை அழைத்துப் போனால் கால் மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள்.