கண்ணுக்குள் வைக்கும் வில்லை: ஹைட்ரோபிலிக்கா, ஹைட்ரோபோபிக்கா?

அட்டன் பக்கத்தில் அம்மாயிக்குக் கண்புரை ஒப்பரேஷன் என்றதும் எல்லாரும் விலையைத்தான் கேட்கிறார்கள், வில்லையின் மேற்பரப்பைப் பற்றிக் கேட்பவர் குறைவு. புரை பிடித்த இயற்கை வில்லையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைக்கும் இந்த இரண்டு வகையுமே அக்ரிலிக் பிளாஸ்டிக். மடித்து, சின்ன வெட்டு வழியாக உள்ளே விடலாம்.

ஹைட்ரோபிலிக், அதாவது தண்ணீரை ஈர்க்கும் வகையில், எடையில் கிட்டத்தட்ட கால்பங்கு தண்ணீர். வழுவழுப்பு, கண்ணின் திசுவை அதிகம் சீண்டாது, விலையும் பொதுவாகக் குறைவு. ஆனால் பின்னால் உள்ள சவ்வோடு இறுக ஒட்டாது, அந்த இடைவெளியில் பழைய வில்லையின் மிச்சமிருந்த செல்கள் ஊர்ந்து வந்து சவ்வை மங்கலாக்கிவிடும். அரிதாக, குறிப்பாக விழித்திரை சிகிச்சைக்கு வாயு ஏற்றிய கண்களில், கல்சியம் படிந்து வில்லையே வெளுத்துவிடுவதும் உண்டு; அப்புறம் அதை மாற்றத்தான் வேண்டும்.

ஹைட்ரோபோபிக், அதாவது தண்ணீரை விலக்கும் வகை, சவ்வோடு ஒட்டிக்கொள்ளும் ரகம். ஃபைப்ரோனெக்டின் என்ற புரதம் நடுவில் பசை மாதிரி நின்று வில்லையைச் சவ்வோடு சேர்க்கிறது, விளிம்பும் கூராக இருந்தால் செல்கள் நுழைவது கடினம். சிலவற்றுக்குள் நுண்ணிய நீர்த்துளிகள் மினுங்கும், பார்வையைப் பெரும்பாலும் கெடுக்காது.

சவ்வு மங்கினால் அதில் துளை போட்டுப் பார்வையைத் தெளிவாக்கும் யாக் லேசர் சில நிமிட வேலைதான், சரி, ஆனால் தோட்டத்து லயத்திலிருந்து (தொழிலாளர் வரிசை வீட்டிலிருந்து) இறங்கி, பஸ் பிடித்து, நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ போனால் கூட வருபவரின் அன்றைய பேரும் (நாள் சம்பளமும்) போகும். ஆகவே கையில் காசிருந்தால் ஹைட்ரோபோபிக். முன்பே கண்ணில் அழற்சி வந்தவர் என்றால் டொக்டரிடம் அதைச் சொல்லிவிட்டே தெரிவு செய்யுங்கள்.