14416ம் ஜிஹெச் மனநல ஓபியும்: பையனுக்காக போய் வந்த அனுபவம்

ஒன்பதாவது படிக்கிற என் பையனுக்கு ஜூன்ல ஸ்கூல் திறந்ததுல இருந்து தினமும் காலைல வயித்து வலி, திங்கக்கிழமைன்னா வாந்தியே வந்துடும், ஞாயித்துக்கிழமை மட்டும் ஒண்ணும் இருக்காது. ஸ்கேன் எடுத்தாச்சு, பிளட் டெஸ்ட் எடுத்தாச்சு, மாமியார் கூட்டிட்டு போய் மந்திரிச்சு கயிறும் கட்டியாச்சு. கடைசியில வயித்து டாக்டர்தான் சொன்னாரு, வலி நெஜம்மா, பையன் நடிக்கல, ஆனா காரணம் வயித்துல இல்ல, மனநல டாக்டரை பாருங்கன்னு. எங்க போறதுன்னே தெரியாம ராத்திரி 11 மணிக்கு 14416க்கு போன் போட்டேன்.

தெரியாதவங்களுக்கு சொல்றேன், இது டெலி மானஸ்ங்கிற மனநல ஹெல்ப்லைன், 2022 அக்டோபர் 10ல மத்திய அரசு ஆரம்பிச்சது, தமிழ்நாட்டுல நட்புடன் உங்களோடுன்னு பேரு. காசு கிடையாது, 24 மணி நேரமும் உண்டு, தமிழ்லயே பேசலாம். எடுத்த பொண்ணு நான் அழுது முடிக்கிற வரைக்கும் அவசரப்படுத்தல. அப்புறம் நேராவே கேட்டுச்சு, சாகணும்னு பையன் எப்பவாவது பேசினானான்னு. எனக்கு தூக்கி வாரிப் போட்டுச்சு. இப்படி கேக்கறதால பிள்ளைங்களுக்கு அந்த நெனப்பு புதுசா வராதும்மா, கேக்காம விடறதுதான் ஆபத்துன்னு பொறுமையா சொல்லுச்சு. பையனுக்கு இஷ்டம் இருந்தா மட்டும் குடுங்கன்னாங்க, அவன் போனை வாங்கிட்டு மொட்டை மாடிக்கு போயிட்டான், நாப்பது நிமிஷம். என்ன பேசினான்னு நான் இன்னைக்கு வரைக்கும் கேக்கல. எங்க மாவட்ட ஜிஹெச்ல மனநல ஓபி இருக்கு, அங்க போங்கன்னு சொன்னதும் அவங்கதான்.

ஜிஹெச்ல டாக்டரை பத்தி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். என்னை வெளிய உக்கார வெச்சுட்டு முதல்ல அவன்கிட்ட தனியா பேசினாங்க, மாத்திரை எதுவும் எழுதல, சைக்காலஜிஸ்ட் ஒரு பிளான் போட்டு குடுத்தாங்க: முதல் ரெண்டு நாள் ஸ்கூல் கேட் வரைக்கும் போயிட்டு வரணும், அப்புறம் ஒரு பீரியட், அப்புறம் ரெண்டு, பயம் குறைய குறைய கூட்டணும், வீட்டுலயே வெச்சுக்கிட்டா பயம் ஏறிக்கிட்டே போகும்னாங்க. ஆனா அந்த டாக்டரை பாக்கறதுக்கு முன்னாடி மூணு மணி நேரம் பெரியவங்களோட அதே வரிசையில நிக்கணும், போதைக்கு வைத்தியம் பாக்க வந்தவங்க, சத்தம் போடறவங்க எல்லாரும் அங்கதான், பாவம் அவங்களும் நோயாளிங்கதான், ஆனா பதினாலு வயசு பையன் ஸ்கூல் பிள்ளைங்க யாராவது பாத்துடுவாங்களோன்னு கர்ச்சீப்பால மூஞ்சை மூடிட்டு நின்னான், அதை பாக்க முடியல. ரெண்டாவது தடவை வரமாட்டேன்னு அழுதான்.

அதை விட பெரிய பிரச்சனை ஸ்கூல்தான். டாக்டர் லெட்டரை கொண்டு போய் குடுத்தா, ஒரு பீரியட் வந்துட்டு போறதுக்கு இது என்ன டியூஷன் சென்டரா, அட்டண்டன்ஸ் போயிடும், வேணும்னா டிசி வாங்கிக்கோங்கன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. போன்ல பேசறவங்க நல்லவங்க, டாக்டர் நல்லவங்க, ஆனா டாக்டர் போட்ட பிளானை கிளாஸ்ல நடத்த வேண்டிய ஸ்கூலுக்கு அவங்க யாருமே ஒரு போன் போட்டு பேசறதில்ல, நடுவுல ஃபைலை தூக்கிட்டு அலையறது அம்மாதான். நான் வேலைக்கு போகல, அலைஞ்சேன். தினக்கூலிக்கு போற அம்மா என்ன பண்ணுவாங்க? கடைசியில அந்த ஸ்கூல் பிடி சார்தான் ஹெச்எம்கிட்ட பேசி, காலைல கேட்ல வந்து நின்னு அவரே கூட்டிட்டு போனாரு, அவருக்கு கோடி புண்ணியம்.

என் மார்க் 14416க்கு 5க்கு 5, டாக்டருக்கும் 5, ஓபி வரிசைக்கு 1. போறவங்க காலைல ஏழரைக்கே போய் ஓபி சீட்டு போட்டுடுங்க, ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் கையில வெச்சுக்கோங்க, பிள்ளைங்களை தனியா உள்ள கூப்பிட்டா விடுங்க, கூடவே நுழையாதீங்க. பையன் இப்போ மதியம் வரைக்கும் இருக்கான். சின்ன பிள்ளைங்களுக்கு வாரத்துல ஒரு நாளாவது தனி ஓபி வேணும்னு போன திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள்ல மனு குடுத்துட்டு வந்தேன், எங்க மாவட்டத்துக்காரங்க யாராவது இருந்தா நீங்களும் ஒண்ணு எழுதி குடுங்க.