ஹட்டனிலிருந்து கடலுக்கு: காபன் ஃபின்ஸோடு இரண்டரை வருடம்

மலைநாட்டு ஹட்டனில் இருப்பவனுக்கு எதற்கு சுழியோடும்போது காலில் மாட்டுகிற ஃபின்ஸ், அதுவும் காபன் நாரில் செய்தது, என்று கேட்காத ஆள் இல்லை. அம்மா கேட்டது இன்னும் நல்ல கேள்வி. பார்சலைப் பிரித்ததும் ஒரு பிளேட்டை, அதாவது காலுக்கு முன்னால் நீளும் தட்டையான பலகையை, எடுத்துத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஏன்டா, கூரைக்குப் போடுற தகரமா இது?" என்றார்கள். ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் போனதைச் சொல்லியிருந்தால் கூரையில்தான் போட்டிருப்பார்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் தினமும் கடலில் கிடக்கிறவன் இல்லை. மே முதல் செப்டம்பர் வரை திருகோணமலைப் பக்கம் கடல் அமைதியாக இருக்கும், அந்த மாதங்களில் லீவு கிடைக்கிற ஐந்தாறு தடவை போவேன், ஒவ்வொரு தடவையும் இரண்டு நாள். மூச்சடக்கி 15 மீட்டர், நல்ல நாள் என்றால் 20. அவ்வளவுதான் என் லெவல். 40 மீட்டர் போகிறவர்களுக்கு நான் சொல்வது சிறுபிள்ளைத்தனமாக இருக்கலாம்.

வாங்கும்போது செய்த பிழை பிளேட்டின் விறைப்பில். சொஃப்ட், மீடியம், ஹார்ட் என்று மூன்று இருந்தது. சின்ன வயதிலிருந்து மலை ஏறி இறங்கி வளர்ந்த கால், நமக்கு எதற்கு சொஃப்ட் என்று ஹார்ட் எடுத்தேன். திருகோணமலைப் பக்கம் நிலாவெளியில் முதல் நாள், பத்தாவது தடவை இறங்கி ஏறியதும் தொடை கொதித்தது, பிறகு வலது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது, படகுக்காரர் கையைப் பிடித்து இழுத்துப் போட்டார். "தம்பி, இந்தப் பலகைய கட்டிக்கிட்டு ஏன் கஷ்டப்படுறீங்க" என்றார் அவர். அவர் சொன்னது சரி. மலை ஏறும்போது உடம்பின் பாரத்தைக் கால் தள்ளுகிறது, தண்ணீருக்குள் இடுப்பிலிருந்து நீட்டிய காலை முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும், முழங்கால் அதிகம் மடங்கக்கூடாது, இரண்டும் ஒரே தசை வேலை இல்லை. விறைப்பான பிளேட் என்றால் ஒவ்வொரு உதைக்கும் தசை கூடுதலாக வேலை செய்யும், அந்த வேலைக்கு ஒட்சிசன் போகும், நாம் அடக்கி வைத்திருப்பதோ ஒரே ஒரு மூச்சு.

ஹார்ட் பிளேட் ஈட்டியால் மீன் பிடிக்கிறவர்களுக்கு, பாரமான ஈயப் பெல்ட்டோடு சட்டென்று திரும்பிப் பாய்கிறவர்களுக்குப் பொருந்தும் என்கிறார்கள், இருக்கலாம். நம் நாட்டில் ஈட்டித் துப்பாக்கியால் மீன் பிடிப்பது தடை, நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத் தீவுப் பக்கம் தேசியப் பூங்கா, ஆகவே நான் மீனைப் பார்க்க மட்டும்தான் போகிறேன்.

அந்த சீசன் முடிந்ததும் பிளேட்டை மட்டும் கழற்றி விற்றுவிட்டு சொஃப்ட் ஜோடி வாங்கினேன். அங்கேதான் காபனின் அருமை தெரிந்தது. ஒரு உதை உதைத்தால் பிளேட் வளைந்து, நாம் காலை நிறுத்திய பிறகும் திரும்பி நிமிர்கிறது, அந்த நிமிர்வுதான் ஆளைத் தள்ளுகிறது. முன்பு போட்ட பழைய பிளாஸ்டிக் ஃபின்ஸில் வளைவு இருந்தது, நிமிர்வு சோம்பலாக இருந்தது. வேகம் கூடியதா என்று கேட்டால் பெரிதாக இல்லை. ஆனால் மாலை நாலு மணிக்கும் காலில் உயிர் இருக்கிறது. தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிற தராசில் சும்மா வைத்துப் பார்த்தேன்: ஒரு கால் 810 கிராம், பழையது 1 கிலோ 50. இந்த வித்தியாசம் தண்ணீருக்குள்ளே தெரியாது, கண்டியில் பஸ் மாறி தம்புள்ளை, ஹபரணை தாண்டிப் போகும் ஆறேழு மணி நேரத்தில் மடியில் வைத்திருக்கும்போது நன்றாகத் தெரியும். கொண்டக்டர் ஒருவர் ஓர்கன் என்று நினைத்துப் பாட்டுக்காரனுக்கு சீட் பிடித்துத் தந்ததும் நடந்தது.

இனி குறைகள். காபன் வளையும், ஆனால் இடியைத் தாங்காது. புறாத் தீவில் இடுப்பளவு தண்ணீரில் ஃபின்ஸோடு நடக்கப் போய் இடது பிளேட்டின் நுனி பாறையில் பட்டது. சத்தம்கூட வரவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் விளிம்பில் விரல் நகம் அளவுக்கு வெள்ளையாக ஒரு பிளவு, தடவினேன், கண்ணுக்குத் தெரியாத சிலாம்பு ஒன்று விரலில் ஏறி மூன்று நாள் குத்திக்கொண்டே இருந்தது. தெரிந்தவரின் மோட்டார் சைக்கிள் கராஜில் ஈரமாக்கிய உப்புத்தாளால் தேய்த்து எபொக்சிப் பசை பூசி கிளிப் போட்டு ஒரு இரவு வைத்தோம். அது நடந்து ஒரு வருடம், இன்னும் பிடித்திருக்கிறது. இப்போதெல்லாம் மிதந்தபடிதான் போடுவேன், மிதந்தபடிதான் கழற்றுவேன்.

ஹட்டன்காரனுக்கு மட்டும் உள்ள தொல்லை ஒன்று உண்டு. திருகோணமலையில் கடல் நன்றாக இருக்கும் அதே மாதங்களில்தான் இங்கே தென்மேல் மழை. உப்புப் போகக் கழுவினால் காய வைக்க வெயில் இல்லை. காலை நுழைக்கிற பொக்கட்டின் ரப்பருக்குள் ஈரம் நின்று ஒரு தடவை வெள்ளைப் பூஞ்சை பிடித்து, சவர்க்காரம் போட்டுத் தேய்த்தும் அந்த நாற்றம் அடுத்த பயணம் வரை போகவில்லை. அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிடலாம் என்று அம்மா சொன்னார்கள், சூடு எபொக்சிக்கு ஆகாது என்று சொல்லிப் பார்த்தேன், நம்பவில்லை. இப்போது பொக்கட்டுக்குள் பத்திரிகைத்தாளைத் திணித்து, தாளை நாளுக்கு ஒரு தரம் மாற்றி, கட்டிலுக்குக் கீழே தட்டையாகப் படுக்க வைக்கிறேன். சுவரில் சாய்த்து வைத்தால் வளைவு விழும் என்பார்கள்.

அப்புறம், என்ன ஃபின்ஸ் போட்டாலும் தனியாக இறங்க வேண்டாம். காலில் சக்தி மிஞ்சுகிறது என்று மூச்சும் மிஞ்சுவதாக நினைக்கத் தோன்றும், எனக்கே ஒரு தடவை தோன்றியது. மயக்கம் வருவது பெரும்பாலும் மேலே வந்துகொண்டிருக்கும் கடைசிப் பத்து மீட்டரிலும், தலை வெளியே வந்த பிறகும்தான். ஒருவர் இறங்கினால் ஒருவர் மேலே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், ஏறிய பின்னும் அரை நிமிடம் முகத்தைப் பார்க்க வேண்டும்.

கால் பொக்கட்டிலும் ஏமாந்தேன். மூன்று மில்லிமீட்டர் தடிப்பான, குளிருக்குப் போடுகிற சொக்ஸ் போடுவேன் என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்கினேன், திருகோணமலைத் தண்ணீர் வெந்நீர் மாதிரி, அந்த சொக்ஸை யார் போடுவது. குதிகால் உராய்ந்து தோல் போனதுதான் மிச்சம். இப்போது அந்த ரப்பரே குதிகால் பக்கம் வெடிக்கத் தொடங்கிவிட்டது. பிளேட் இன்னும் இரண்டு சீசன் தாங்கும். மே வருவதற்குள் பொக்கட் மட்டும் மாற்ற வேண்டும், 42 நம்பர், மெல்லிய சொக்ஸுக்கான அளவு.