வெளிச்சத்தில் மின்னும் விசிட்டிங் கார்டு: எந்த சோலார் செல்?

வெளிச்சம் பட்டதும் சின்ன எல்இடி பளிச்சிடும் விசிட்டிங் கார்டுக்கு எந்த சோலார் செல் வைக்கலாம்? கூரை பேனல்களில் இருக்கும் கிரிஸ்டலைன் (அணுக்கள் ஒழுங்காக அடுக்கிய) சிலிக்கானா, கால்குலேட்டரில் இருக்கும் அமார்ஃபஸ் (ஒழுங்கற்ற) சிலிக்கானா? வெயிலில் கிரிஸ்டலைனை மிஞ்ச முடியாது. ஆனால் விசிட்டிங் கார்டு கைமாறுவது பெரும்பாலும் ஆபீஸ் மேசையில். வெயில் 1,00,000 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) என்றால், அங்கே 300 முதல் 500 லக்ஸ்தான். இவ்வளவு மங்கலில் சாதாரண கிரிஸ்டலைன் செல்லின் வோல்டேஜ் உள்கசிவால் (உள்ளேயே மின்சாரம் கசிவதால்) படுத்துவிடும். அமார்ஃபஸுக்குக் கசிவு குறைவு. எல்இடி விளக்கு தரும் கண்ணுக்குத் தெரியும் ஒளியே அதற்குத் தோதான தீனி. 1980-லேயே ஜப்பானின் சான்யோ நிறுவனம் அதைக் கால்குலேட்டருக்குக் கொண்டுவந்தது சும்மா இல்லை.

கணக்கும் ஒத்துவருகிறது. 20 மைக்ரோவாட் கிடைத்தாலே 5 விநாடியில் 100 மைக்ரோஜூல் ஆற்றல் கெப்பாசிட்டரில் (மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் பாகம்) சேரும். 2.5 வோல்ட்டில் 2 மில்லிஆம்ப் இழுக்கும் சிவப்பு எல்இடியை 20 மில்லிவிநாடி பளிச்சிட வைக்க அதுவே போதும். நீலம், வெள்ளை வேண்டாம்; 3 வோல்ட் கேட்கும்.

கண்ணாடி மேல் படிந்த அமார்ஃபஸ் செல் பர்ஸில் உடையும், அதனால் பிளாஸ்டிக் ஃபிலிம் வகையை வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனாலும் என் ஓட்டு அதற்கே. வெயிலில் நீட்டுகிற கார்டுக்கு மட்டும் கிரிஸ்டலைன்.