கிளோய்ம்பைர் புல்வீடு: வாசலோடு திரும்பிவிடாதீர்கள்

ஐஸ்லாந்தை வண்டியில் சுற்றுகிறவர்களில் பலர் வடக்கே ஸ்காகாஃப்யோர்துர் பக்கம் வரும்போது கிளோய்ம்பைர் பண்ணைவீட்டு முன்னால் நிறுத்தி, புல் முளைத்த கூரையைப் படம் பிடித்துக்கொண்டு அப்படியே கிளம்பிவிடுகிறார்கள். தயவுசெய்து டிக்கெட் வாங்கி உள்ளே போங்கள், வீடு அங்கேதான் இருக்கிறது.

வெளியிலிருந்து பார்த்தால் முக்கோண மரமுகப்பு வைத்த குட்டி வீடுகள் வரிசையாக நிற்பதுபோல இருக்கும். மொத்தம் 13 கட்டடங்கள். முன்வரிசையில் சில சாமான் அறைகளுக்கு வெளியே மட்டும்தான் வாசல், மற்றவை எல்லாம் நீளமான ஒரே நடையில் போய்ச் சேர்கின்றன. அடுப்படி 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, கடைசியில் இருக்கும் கூடம் 1876இல் கட்டியது. ஊரில் சுவருக்கு ஏற்ற கல் கிடையாது, அதனால் வேரோடு வெட்டிய புல்கட்டிகளைச் சாய்த்துச் சாய்த்து, மீன்முள் வரிசையாக அடுக்கியே சுவர் எழுப்பியிருக்கிறார்கள்; கிட்டப் போய்ப் பாருங்கள், ஒவ்வொரு கட்டியின் விளிம்பும் தெரியும். கூரைச் சரிவிலும் கணக்கு உண்டு. தட்டையாக இருந்தால் ஒழுகும், ரொம்பச் செங்குத்தாக இருந்தால் மழைநீர் நிற்காமல் ஓடி, புல் காய்ந்து வெடித்துவிடும்.

அடுப்படியில் கொஞ்சம் நில்லுங்கள். விறகுக்கு மரமில்லாத ஊர் என்பதால் சதுப்புநிலத்தில் வெட்டிய கரிமண்ணையும் காய்ந்த சாணத்தையும் எரித்திருக்கிறார்கள். நம் வறட்டிதான், என்ன, அங்கே ஆட்டுச் சாணம்.

அப்புறம் அந்தக் கூடம். பாத்ஸ்தோவா என்கிறார்கள். இந்தப் பண்ணைவீட்டில் குடியிருந்த பாதிரியார் குடும்பம், வேலையாட்கள், பிள்ளைகள் எல்லோருக்கும் தூங்க, சாப்பிட, வேலை செய்ய அந்த ஒரே இடம்தான். கட்டிலுக்கு இரண்டு பேர். சன்னல் ஓரக் கட்டில்கள் பெண்களுக்கு, ஏனென்றால் கம்பளி வேலைக்கு வெளிச்சம் வேண்டும். குளிர்கால மாலைகளில் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் நூல் நூற்றிருக்கிறார்கள். மூடிபோட்ட மரக்கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலிலேயே சாப்பாடு. இந்தக் கட்டில்களைப் பார்த்தபோது உண்மையிலேயே மனசு கலங்கிவிட்டது.

1947 வரை இங்கே ஆட்கள் குடியிருந்தார்கள், 1952இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். 1938இலேயே மார்க் வாட்சன் என்ற ஆங்கிலேயர் இதைப் பழுதுபார்க்க 200 பவுண்டு கொடுத்திருக்கிறார், அவருக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

நடை குறுகல், நிலைகள் தாழ்வு. உயரமானவர்கள் தலையைப் பார்த்துக்கொள்ளுங்கள், சக்கர நாற்காலி உள்ளே போவது சிரமம். கோடையில் சுற்றுலாப் பேருந்து வந்து நின்றால் அந்த நடையில் ஒதுங்கக்கூட இடமிருக்காது. காலையிலேயே போய்விடுங்கள்.