புலம்பெயர்ந்தோருக்கு ஓவியமா, இசையா?

ஊர் பெயர்ந்து வந்தவருக்கு எது அதிகம் துணை நிற்கும், ஓவியமா இசையா? அமெரிக்காவின் தெற்கிலிருந்து வடக்கு நகரங்களுக்குப் பெயர்ந்த கறுப்பின மக்களின் கதையை ஓவியர் ஜேக்கப் லாரன்ஸ் 1941-இல் 60 சிறு ஓவியங்களாக முடித்தார். ஒரு வண்ணத்தை எல்லா ஓவியப் பலகைகளிலும் பூசிய பிறகுதான் அடுத்த வண்ணம். அதனால் ரயில் நிலையமும் நெரிசலான குடியிருப்பும் ஒரே கதையாகச் சேர்கின்றன. முகங்களில் விவரம் குறைவு, யாரும் தன்னை அங்கே வைத்துப் பார்க்கலாம். வந்த வழியை ஊரறியச் சொல்ல ஓவியம்தான் வலிமையானது.

இசை வேறு மாதிரி. கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையைப் பாடிய மடி வாட்டர்ஸ் 1943-இல் மிசிசிப்பியிலிருந்து சிகாகோ போனார். இரைச்சலான மதுக்கூடங்களில் காதில் விழவேண்டுமே என்று மின்சார கிதாரை எடுத்தார். பழைய ப்ளூஸ்தான், அதில் புது நகரத்தின் ஒலியும் ஏறிக்கொண்டது. கூடவே தாளம் போட்டால் நீங்களும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். வந்து இறங்கிய புதிதில் தனியாக நிற்பவருக்கு முதலில் இசையைத்தான் சொல்வேன், ஓவியம் அப்புறம்.